கால்வாய்ச் சேற்றில் பெற்றோல் சேர்மானங்கள் தாமாகவே சிதைகின்றனவா? போத்தல் பரிசோதனைக்கான முழுமையான வழிகாட்டி

கொழும்பில் கராஜுகளின் கழிவுநீரும், எரிபொருள் நிரப்பு நிலையங்களின் தரையைக் கழுவிக்கொண்டு வரும் மழைநீரும் வடிகான்கள் வழியாகக் கால்வாய்களையே சென்றடைகின்றன. அந்நீரோடு வரும் பெற்றோலில் ஈதர் அல்லது அற்ககோல் வகைச் சேர்மானங்கள் இருந்தால், அவற்றை அடிச்சேற்றில் வாழும் நுண்ணங்கிகள் எவருடைய உதவியும் இன்றிச் சிதைக்கின்றனவா, சிதைத்தால் எவ்வளவு காலத்தில் என்பதைச் சாதாரண பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் அறிந்துகொள்வதற்கான வழிமுறையை இங்கே தருகிறேன்.

இறுதியாண்டு மாணவர்கள் இதைச் செய்வதைப் பல தடவை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் தடுமாறியது பெரும்பாலும் நுண்ணுயிரியலில் அன்று. போத்தல் மூடியிலும், தவறான கரைப்பானிலும், பழக்கத்தினால் விடப்பட்ட சில துளி அமிலத்திலும்தான். செறிவு குறைந்துவிட்டது என்பது வேறு, பொருள் சிதைந்துவிட்டது என்பது வேறு. இந்த வேறுபாட்டைக் காட்டவல்ல ஏற்பாடுகள் சேறு அள்ளுவதற்கு முன்னரே தயாராக இருக்க வேண்டும் என்பதனால்தான் கீழுள்ள படிகள் இந்த வரிசையில் அமைந்துள்ளன.

1. எந்தப் பொருளைத் தேடுகிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள்

பெற்றோலில் சேர்க்கப்படும் ஈதரான மெதைல் ரெர்ட்-பியூட்டைல் ஈதர், சுருக்கமாக எம்ரிபிஈ, இங்கு முதன்மையான பொருளாகும். ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 50 கிராம் வரை கரையக்கூடிய இது, மண்ணிலும் சேற்றிலும் அதிகம் ஒட்டுவதில்லை. பென்சீன், தொலுயீன் போன்றவற்றைச் சேற்றிலுள்ள சேதனப் பொருள் ஓரளவுக்குப் பிடித்து வைத்துக்கொள்ளும். எம்ரிபிஈயோ நீரோடு நீராகப் போய்விடும்.

அதனுடன் ரெர்ட்-பியூட்டைல் அற்ககோலையும், அதாவது ரிபிஏயையும், கட்டாயம் அளக்க வேண்டும். எம்ரிபிஈ சிதையும்போது நடுவில் தோன்றும் பொருள் இதுவே. ரிபிஏயை அளக்காத பரிசோதனை, பணம் போனதைச் சொல்லி எங்கே போனது என்பதைச் சொல்லாத கணக்குப் புத்தகத்தைப் போன்றது. எதனோலை மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். அது எளிதில் உண்ணப்படும் பொருளாகையால் அது சிதைகிறதா என்பது பெரிய கேள்வி அன்று, அது மற்றவற்றின் சிதைவை எப்படித் தாமதப்படுத்துகிறது என்பதே கேள்வி.

நீங்கள் தெரிவுசெய்யும் கால்வாயில் எம்ரிபிஈ ஏற்கெனவே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் நீரிலும் சேற்றிலும் அளந்து பாருங்கள். இல்லாவிட்டாலும் பரிசோதனையைச் செய்யலாம். ஆனால் அப்பொருளை முன்னர் காணாத நுண்ணங்கிகள் தொடங்குவதற்கு நீண்ட காலம் எடுக்கக்கூடும் என்பதைத் திட்டத்தில் எழுதிவைக்க வேண்டும்.

2. அளக்கும் முறையை முதலில் நிலைநிறுத்துங்கள்

ஆவியாகும் சேர்வைகளைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்புக் கருவி உங்களுக்கு எந்த நாட்களில் கிடைக்கும் என்பதை எழுத்தில் உறுதிசெய்த பின்னரே நாட்காட்டியைத் தயாரியுங்கள். சேறு காத்திருக்காது.

அக்கருவியின் சுவாலை அயனாக்க உணரியை மட்டும் நம்பினால் ஒரு பொறி இருக்கிறது. முனைவற்ற நிரல்களில் (சேர்வைகள் பிரியும் குழாய்களில்), பெற்றோலிலேயே உள்ள 2-மெதைல்பென்ரேனும் 3-மெதைல்பென்ரேனும் எம்ரிபிஈ வெளிவரும் நேரத்தை ஒட்டியே வெளிவருகின்றன. ஆகவே பெற்றோல் கலந்த மாதிரியில் எம்ரிபிஈ இல்லாமலே அதன் உச்சி தெரியும். திணிவு நிறமாலைமானி இணைந்த கருவி இருந்தால் எம்ரிபிஈக்குத் திணிவு-ஏற்ற விகிதம் 73 கொண்ட அயனையும் ரிபிஏக்கு 59 கொண்ட அயனையும் பார்த்து உறுதிப்படுத்துங்கள்.

ரிபிஏ நீருடன் எவ்விகிதத்திலும் கலப்பதால் அது மேல்வெளி வாயுவுக்கு, அதாவது மூடிய குப்பியில் நீருக்கு மேலுள்ள வாயுவுக்கு, எளிதில் ஏறாது. மாதிரிக் குப்பியில் சோடியங் குளோரைட்டை நிரம்பலாகக் கரைத்து, 80 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் போதிய அளவு மேலே வரும். அளவுத்திருத்தக் கரைசல்களையும் அதே உப்புடன், அதே கனவளவில், அதே வெப்பநிலையில் தயாரிக்க வேண்டும். வெறும் நீரில் தயாரித்த நியமங்களை வைத்து உப்பு நீரைக் கணக்கிட்டால் விடை பெருத்துத் தெரியும். லீற்றருக்கு 1 மில்லிகிராமில் தொடங்கும் பரிசோதனைக்கு 20 மைக்ரோகிராம் வரை நம்பகமாக அளக்க முடிந்தால் போதுமானது.

3. போத்தல்களை ஏழு நாட்கள் சோதியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள், நானும் தாண்டியிருக்கிறேன். என் முதற் தொடரில் உயிருள்ள போத்தல்களில் எம்ரிபிஈ அழகாகக் குறைந்து வந்தது. கிருமி நீக்கிய போத்தல்களிலும் அதே அழகில் குறைந்தது. ஏழு வாரங்கள் நான் அளந்தது இறப்பர் மூடியின் வழியே நடந்த கசிவை மட்டுமே.

எம்ரிபிஈயின் கொதிநிலை 55 பாகை. சாதாரண இறப்பர் மூடி அதை உறிஞ்சவும் செய்யும், வெளியே விடவும் செய்யும். நீரையும் மேல்வெளியையும் பார்க்கும் பக்கத்தில் ரெப்லோன் படலம் ஒட்டிய தடித்த பியூட்டைல் இறப்பர் மூடிகளை அலுமினிய வளையத்தால் இறுக்கிப் பயன்படுத்துங்கள். ஊசி ஒரு தடவை துளைத்த ரெப்லோன் படலம் பழைய நிலைக்கு மீளாது என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே போத்தலில் திரும்பத் திரும்ப ஊசி ஏற்றுவதைவிட, ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிப் போத்தல்களைத் திறந்து முடித்துவிடுவதையே நான் விரும்புகிறேன்.

சோதனை எளிதானது. ஐந்து போத்தல்களில் வடித்த நீரையும் எம்ரிபிஈயையும் இட்டு மூடித் தலைகீழாக வைத்து, ஏழாம் நாள் அளந்து பாருங்கள். இழப்பு 5 சதவீதத்தைத் தாண்டினால் மூடியை மாற்றுங்கள், சேற்றைத் தொடாதீர்கள்.

போத்தலின் உண்மையான கொள்ளளவையும் இப்போதே, நீரால் நிரப்பி நிறுத்து, குறித்துக்கொள்ளுங்கள். 100 மில்லிலீற்றர் என்று விற்கப்படும் மருந்துப் போத்தல் விளிம்பு வரை 120 மில்லிலீற்றர் அளவு கொள்ளும். பின்வரும் கணக்குகள் அதை வைத்தே செய்யப்பட்டுள்ளன.

4. சேறு எடுத்தல்

கொழும்புக் கால்வாய்கள் இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் பராமரிப்பில் உள்ளவை. எழுத்தில் அனுமதி பெற்றுச் செல்லுங்கள். முழங்கால் வரையான இறப்பர்ச் சப்பாத்தும் நீண்ட கையுறையும் இன்றி எவரும் கரையில் இறங்கக் கூடாது. எலிக்காய்ச்சல் பரவும் வழிகளில் இந்தச் சேறும் ஒன்று, காலில் ஒரு சிறு கீறல் போதும். வெள்ளவத்தை, தெஹிவளைக் கரையோரங்களில் 2023இல் முதலை தென்பட்டது பத்திரிகைகளில் வந்த செய்தி. ஆகவே கடல்வாய்க்கு அண்மையில் தனியாகச் செல்ல வேண்டாம்.

இடத்தைத் தெரிவுசெய்யும்போது முதலில் மின்கடத்துதிறனை அளவுங்கள். வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்கள் கடலில் சேரும் இடங்களில் உவர்நீர் உட்புகும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 2,700 மில்லிகிராம் சல்பேற்று இருப்பதால், அங்குள்ள சேற்றில் சல்பேற்றைச் சுவாசிக்கும் பற்றீரியாக்களின் கை ஓங்கியிருக்கும். உள்ளே கிருலப்பனைப் பக்கம் உள்ள நன்னீர்ச் சேற்றில் சல்பேற்று விரைவில் தீர்ந்து மெதேன் உருவாகத் தொடங்கும். இவ்விரண்டையும் ஒரே வாளியில் கலந்து "கொழும்புச் சேறு" என்று பெயரிட்டால் விடைக்குப் பொருள் இராது.

பெருமழை பெய்து ஓயாத நாட்களில் செல்லாதீர்கள். ஒக்ரோபர், நவம்பர் மாத மழை மேற்படையை அடித்துச் சென்றுவிடும். குழாயைச் செங்குத்தாக அழுத்தி மேல் 5 சென்ரிமீற்றரை மட்டும் எடுங்கள். இத்தகைய சேற்றில் ஒட்சிசன் மேலிருந்து சில மில்லிமீற்றர் ஆழத்துக்கே ஊடுருவும். அதற்குக் கீழே கறுப்பு. மண்வெட்டியால் அள்ளினால் இரண்டு உலகங்களும் கலந்துவிடும். கண்ணாடிச் சாடியை விளிம்பு வரை நிரப்பி, காற்றுக் குமிழி இன்றி மூடி, ஐஸ் இட்ட ரிஜிபோம் பெட்டியில் வையுங்கள். கால்வாய் நீரையும் பத்து லீற்றர் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுகூடத்திலிருந்து கொண்டுசென்ற தூய நீர்க் குப்பி ஒன்றும் திறக்கப்படாமல் கூடவே சென்று திரும்ப வேண்டும். முச்சக்கர வண்டியிலோ, பெற்றோல் கலன் கிடந்த வாகனத்தின் பின்பெட்டியிலோ மாதிரிகள் பயணம் செய்திருந்தால் அதை இந்தக் குப்பி காட்டிக்கொடுக்கும். ஒரு தடவை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது.

5. சேற்றை அறிந்துகொள்ளுங்கள்

அன்றே அல்லது மறுநாளே ஈரப்பதன், சேதனப் பொருளின் அளவு, பிஎச், சல்பேற்று, நைத்திரேற்று, சல்பைட்டு ஆகியவற்றை அளந்துவிடுங்கள். இதில் புதியவர்கள் விட்டுவிடுவது சல்பைட்டை. ஆனால் அடுத்த படியின் கணக்கு அதில்தான் தங்கியிருக்கிறது.

6. ஒட்சிசன் கணக்கு

ஒரு மூலக்கூறு எம்ரிபிஈ முழுவதும் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாறுவதற்கு ஏழரை மூலக்கூறு ஒட்சிசன் தேவை. நிறையில் ஒரு கிராமுக்கு 2.7 கிராம். நாம் இடப்போவது 0.07 மில்லிகிராமிலும் குறைவாதலால் 0.2 மில்லிகிராம் ஒட்சிசன் போதும். போத்தலில் 50 மில்லிலீற்றர் காற்று மேல்வெளி விட்டால் அதில் ஏறத்தாழ 13 மில்லிகிராம் ஒட்சிசன் இருக்கும். தாராளம் என்று தோன்றும்.

ஆனால் அதை முதலில் உண்பவர் எம்ரிபிஈயை உண்பவர் அல்லர். உலர் சேற்றில் ஒரு கிராமுக்கு 1 மில்லிகிராம் கந்தகம் இரும்புச் சல்பைட்டாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால், 4 கிராம் உலர் சேறு (10 கிராம் ஈரச் சேற்றில் இருக்கக்கூடிய அளவு) அந்தக் கந்தகம் சல்பேற்றாக மாறுவதற்கு மட்டும் 8 மில்லிகிராம் ஒட்சிசனை விழுங்கிவிடும். எஞ்சியதைச் சேற்றின் சேதனப் பொருள் சில நாட்களில் முடித்துவிடும். போத்தலுக்குக் "காற்றுவாழ்" என்று ஒட்டிய பெயர்ச்சீட்டு மட்டும் மிஞ்சும். இதனால்தான் "ஒட்சிசன் கொடுத்தும் சிதையவில்லை" என்ற தவறான முடிவுகள் எழுதப்படுகின்றன.

ஆகவே 10 கிராம் ஈரச் சேற்றுக்கு மேல் எடுக்காதீர்கள். அதைக் கால்வாய் நீருடன் கலந்து, எம்ரிபிஈ இடுவதற்கு முன் இரண்டு நாட்கள் காற்றூட்டுங்கள். மேல்வெளியில் ஒட்சிசனின் அளவை வாரந்தோறும் அளந்து, அது 10 சதவீதத்துக்குக் கீழே வந்தால் தூய ஒட்சிசனைச் சிரிஞ்சினால் செலுத்துங்கள். அப்படிச் செலுத்தும் போத்தல்களில் மூடி துளைபடுவதைத் தவிர்க்க முடியாது. மற்றத் தொகுதிகளின் மூடிகளையும் அதே எண்ணிக்கையில் துளைத்தால் ஒப்பீடு நியாயமாகும்.

7. தொகுதிகளை அமைத்தல்

ஒவ்வொரு போத்தலிலும் 10 கிராம் சேறு, 60 மில்லிலீற்றர் கால்வாய் நீர். நான்கு தொகுதிகளுக்குக் குறைந்தால் பரிசோதனையைத் தொடங்காதீர்கள்.

முதலாவது, ஒட்சிசனுடன் உயிருள்ள சேறு. இரண்டாவது, ஒட்சிசன் இன்றி உயிருள்ள சேறு. இதைக் காற்றூட்ட வேண்டாம், நைதரசன் வாயுவை நீருக்குள் அரை மணி நேரம் குமிழவிட்டு மூட வேண்டும். வாயுவை முதலில் செலுத்தி, மூடிய பின்னரே எம்ரிபிஈயை இட வேண்டும். வரிசையை மாற்றினால் இட்டது முழுவதும் குமிழிகளோடு வெளியேறிவிடும். ஒட்சிசன் நீங்கியதை நிறமிழந்து காட்டும் இளஞ்சிவப்புச் சாயம் இந்தக் கறுப்புச் சேற்றில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதை நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள்.

மூன்றாவது, இறந்த சேறு. ஓட்டோகிளேவில் 121 பாகையில் ஒரு மணி நேரம், அடுத்தடுத்து மூன்று நாட்கள். ஒரே நாளில் மூன்று மணி நேரம் வைப்பது இதற்கு ஈடாகாது: முதல் நாள் தப்பிய வித்திகள் இடைப்பட்ட இரவில் முளைத்தால்தான் அடுத்த நாள் வெப்பத்தில் அழியும். சோடியம் அசைட்டு இட்டு முடித்துவிடலாம் என்று சிலர் சொல்வர். அது ஒட்சிசனைச் சுவாசிப்பவற்றை அடக்குமேயன்றி நொதித்தலால் வாழ்பவற்றை முழுவதும் அடக்காது. பாதரசக் குளோரைட்டு வேலை செய்யும், ஆனால் அந்தக் கழிவை எங்கே கொட்டுவது?

நான்காவது, சேறு இல்லாமல் கிருமி நீக்கிய நீர் மட்டும். இறந்த சேற்றில் தெரியும் இழப்பு உறிஞ்சலா கசிவா என்பதைப் பிரித்துச் சொல்வது இதுவே.

0, 3, 7, 14, 28, 56, 84 ஆகிய ஏழு நாட்களில் மும்மூன்று போத்தல்களைத் திறப்பதானால் தொகுதிக்கு 21, மொத்தம் 84. உதிரியாகப் பத்துப் போத்தல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதனோல் இட்ட ஐந்தாவது தொகுதி, ஆள் பலம் இருந்தால்.

8. எம்ரிபிஈ இடுதல்

அளவுத்திருத்தத்துக்காக வாங்கிய, மெதனோலில் கரைந்த நியமத்தைச் சேற்றுப் போத்தலில் இடவே கூடாது. கணக்கைப் பாருங்கள். மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம் கொண்ட நியமத்தில் 66 மைக்ரோலீற்றர் இட்டால் 0.066 மில்லிகிராம் எம்ரிபிஈயுடன் 52 மில்லிகிராம் மெதனோலும் உள்ளே போகிறது. அந்த மெதனோல் எரிய 78 மில்லிகிராம் ஒட்சிசன் வேண்டும். போத்தலில் இருப்பதோ 13. நுண்ணங்கிகள் மெதனோலை உண்டு, ஒட்சிசனைத் தீர்த்து, எம்ரிபிஈயைத் திரும்பியும் பாரா.

100 மில்லிலீற்றர் குடுவையைக் கிருமி நீக்கிய நீரால் கழுத்துவரை நிரப்பி, 90 மைக்ரோலீற்றர் தூய எம்ரிபிஈயை நீருக்கடியில் விட்டு, குறிவரை நிரப்பி, மூடிக் காந்தக் குச்சியால் இரவு முழுவதும் கலக்குங்கள். இதில் 0.1 மில்லிலீற்றர் இட்டால் போத்தலில் லீற்றருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் கிடைக்கும். இந்தக் கரைசலிலேயே ரிபிஏ இருக்கிறதா என்று முதலில் அளந்துவிடுங்கள். வாங்கும் எம்ரிபிஈயில் அது மாசாக இருக்கக்கூடும்.

9. வைத்திருத்தல்

இருட்டில், 28 பாகையில், போத்தலைச் சரித்து வையுங்கள். வெளிச்சம் பட்டால் அல்காக்கள் ஒட்சிசனை உண்டாக்கிக் கணக்கைக் கெடுக்கும். குளிர்நாட்டு நூல்கள் சொல்லும் 20 பாகை நம் கால்வாய்க்குப் பொருந்தாது. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, உட்புற அறையின் அலுமாரிக்குள் ரிஜிபோம் பெட்டியில் வைத்த போத்தல்கள் மின்சார அடைகாப்பியில் இருந்தவற்றைவிடச் சீரான வெப்பநிலையில் இருந்தன.

10. மாதிரி எடுத்தலும் பாதுகாத்தலும்

ஆவியாகும் சேதனச் சேர்வைகளுக்கான மாதிரியை ஐதரோகுளோரிக் அமிலம் இட்டு பிஎச் 2க்குக் கீழே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். பென்சீனுக்கு அது சரி. எம்ரிபிஈக்கு அது கேடு. அமிலத்துடன் 80 பாகைக்குச் சூடாக்கும்போது எம்ரிபிஈ நீர்ப்பகுப்படைந்து ரிபிஏயாக மாறுகிறது. அதாவது நீங்கள் தேடும் சிதைவுப் பொருளை உங்கள் குப்பியே தயாரித்துக் கொடுக்கிறது. ஒரு மாணவி எல்லாப் போத்தல்களிலும் ரிபிஏ கிடைத்த மகிழ்ச்சியோடு வந்தார். இறந்த சேற்றிலும் கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்திருந்தது. நான்காவது தொகுதியிலும் கிடைத்திருந்தது.

அமிலத்துக்குப் பதிலாக முச்சோடியம் பொசுபேற்றை ஏறத்தாழ 1 சதவீத அளவில் இடுங்கள். பிஎச் 11க்கு மேலே செல்லும், நுண்ணங்கிகளும் அடங்கும், ஈதரும் உடையாது. ரெர்ட்-பியூட்டைல் போமேற்று என்ற இன்னோர் இடைப்பொருளை அளக்க விரும்புவோர் மட்டும் இந்தக் காரத்தைத் தவிர்த்து உடனே அளக்க வேண்டும், ஏனெனில் காரத்தில் அது ரிபிஏயாகிவிடும்.

போத்தலைத் திறப்பதற்கு முன் மேல்வெளியில் ஒட்சிசனையும் மெதேனையும் அளந்துவிட்டு, சேறு படிந்த பின் தெளிந்த நீரைக் கண்ணாடிச் சிரிஞ்சினால் எடுத்து நேரே குப்பிக்கு மாற்றுங்கள். வடிதாளில் வடிக்கவோ வெற்றிடத்தில் உறிஞ்சவோ வேண்டாம்.

11. கணக்கு

முதலில் மூல் அளவில், அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கையில், ஒப்பிடுங்கள், மில்லிகிராமில் அன்று. 1 மில்லிகிராம் எம்ரிபிஈ முழுவதும் ரிபிஏயானால் 0.84 மில்லிகிராம்தான் வரும். இதை மறந்தவர்கள் 16 சதவீதம் "காணாமல் போனதாக" எழுதியிருக்கிறார்கள்.

வேகத்துக்கு, தொடக்கச் செறிவை அன்றைய செறிவால் வகுத்து, இயற்கை மடக்கை எடுத்து, நாட்களால் வகுங்கள். 56 நாட்களில் 1இலிருந்து 0.25க்கு இறங்கியிருந்தால் நாளுக்கு 0.0248. இறந்த சேற்றில் அதே காலத்தில் 0.90 ஆகியிருந்தால் 0.0019. கழித்தால் 0.0229, அரைவாழ்வுக்காலம் 30 நாட்கள். கழிக்காமல் எழுதினால் 28 நாட்கள் வரும். சிதைவு தொடங்குவதற்கு முன் வரும் மந்தமான நாட்களை இந்தக் கணக்கில் சேர்க்காமல் தனியாகக் குறிப்பிடுங்கள்.

12. விடையை வாசித்தல்

ஒட்சிசன் உள்ள போத்தலில் எம்ரிபிஈ குறைந்து, ரிபிஏ ஏறி, பின்னர் ரிபிஏயும் இறங்கினால் சிதைவு நிறைவை நோக்கிச் செல்கிறது. 1999இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தென் கரோலினா மாநில ஓடைச் சேற்றில் கதிரியக்கக் காபனால் குறியிட்ட எம்ரிபிஈயை இட்டு, அந்தக் காபன் காபனீரொட்சைட்டாக வெளிவந்ததைக் காட்டினர். உறுதியான சான்று அதுதான். எனினும் கதிரியக்கப் பொருளைக் கையாள அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதால் முதற் பரிசோதனைக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

ஒட்சிசன் இல்லாத போத்தலில் எம்ரிபிஈ குறைந்து ரிபிஏ ஏறிய நிலையிலேயே நின்றுவிடுவது பொதுவான காட்சி. அதைச் "சுத்திகரிப்பு" என்று எழுதாதீர்கள். ஒரு மாசு இன்னொன்றாக மாறியிருக்கிறது, அவ்வளவே. 84 நாட்களிலும் எதுவும் நடக்காவிட்டால் அதுவும் ஒரு விடைதான், ஆனால் "84 நாட்களுக்குள்" என்ற சொற்களுடன் எழுதப்பட வேண்டும். உதிரிப் போத்தல்களை ஓராண்டுக்கு விட்டுவையுங்கள்.

எதனோல் இட்ட தொகுதியில் ஒட்சிசன் சரிந்து மெதேன் எழுந்து எம்ரிபிஈ அசையாமல் இருந்தால் வியப்படைய வேண்டாம். எளிய உணவு இருக்கும்போது கடினமானதை எவரும் தொடுவதில்லை, எதனோல் தீர்ந்த பின்னர் ஒட்சிசனை மீண்டும் ஊட்டி அளந்து பாருங்கள்.

நிலையான காபன் சமதானி அளவீட்டுக்கு (காபன்-13க்கும் காபன்-12க்கும் உள்ள விகிதத்தை அளப்பதற்கு) மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் வாய்ப்பு இருந்தால் கால்வாயிலிருந்து நேரடியாக எடுத்த நீரை அனுப்புங்கள். ஆவியாதலும் கலத்தலும் காபன்-13இன் விகிதத்தை அதிகம் மாற்றுவதில்லை. நுண்ணங்கிச் சிதைவு மாற்றும். ஒட்சிசனின்றி நடக்கும் சிதைவில் மாற்றம் பெரிதாகவும், ஒட்சிசனுடன் நடப்பதில் சிறிதாகவும் இருப்பதால், சிறிய மாற்றத்தைக் கண்டு சிதைவே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

13. கழிவு

திறந்த போத்தல்களின் நீரை மூடிய கலனில் சேர்த்து, ஆய்வுகூடத்தின் கரைப்பான் கழிவோடு ஒப்படையுங்கள். உயிருள்ள சேற்றை ஓட்டோகிளேவில் இட்ட பின்னரே அகற்றுங்கள். ஆனால் எம்ரிபிஈ உள்ள நீரோடு அதை ஓட்டோகிளேவில் இட்டால் அறை முழுவதும் ஈதர் மணக்கும், ஆகவே நீரை முதலில் பிரித்தெடுத்துவிடுங்கள். சேற்றை எடுத்த கால்வாயிலேயே திரும்பக் கொட்டுவது, சேறு எடுக்கப் பெற்ற அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையை மீறுவதாகலாம். கொட்டுவதற்கு முன் அந்தப் பத்திரத்தை ஒரு தடவை எடுத்து வாசியுங்கள்.